‘மூன்ஸ்டோன்’: திருடியவனுக்கே தெரியாத திருட்டு நியாயமான முடிவா? (கதை முழுவதும் பேசப்படுகிறது)

இரவுவாசகன்:

வணக்கம். வில்கி காலின்ஸ் எழுதி 1868இல் வெளிவந்த ‘மூன்ஸ்டோன்’ நாவலைச் சென்ற வாரம் படித்து முடித்தேன். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த அன்று ஓர் ஆங்கிலேய அதிகாரி கொலை செய்து கவர்ந்த மஞ்சள் வைரம், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு யார்க்ஷயர் மாளிகை ஒன்றில் ரேச்சல் என்ற பெண்ணின் 18ஆவது பிறந்தநாளுக்குப் பரிசாக வந்து, அன்றிரவே காணாமல் போகிறது.

முதல் பாதியை மிகவும் ரசித்தேன். குறிப்பாக, ரேச்சலின் அறைக்கதவில் புதிதாகத் தீட்டிய வண்ணம் ஓரிடத்தில் கலைந்திருப்பதை லண்டனிலிருந்து வரும் துப்பறிவாளர் சார்ஜென்ட் கஃப் ஆராயும் காட்சி. உள்ளூர்ப் போலீஸ் அதிகாரி, கூட்டமாக உள்ளே வந்த வேலைக்காரப் பெண்களின் பாவாடை பட்டிருக்கும் என்று அதை அலட்சியமாகத் தள்ளிவிடுகிறார். கஃப் விசாரித்துக் கணக்குப் போடுகிறார்: தீட்டி முடித்தது புதன் பிற்பகல் 3 மணி, காய்வதற்கு 12 மணி நேரம், ஆகவே வியாழன் விடியற்காலை 3 மணிக்கே காய்ந்துவிட்டது, பெண்கள் வந்ததோ காலை 11 மணிக்கு. எட்டு மணி நேரம் முன்பே காய்ந்த வண்ணத்தைப் பாவாடை எப்படிக் கலைக்கும்?

இவ்வளவு கறாராகத் தொடங்கிய கதை, வைரத்தை எடுத்தது கதாநாயகன் ஃப்ராங்க்ளினேதான், அபின் மயக்கத்தில் எடுத்ததால் அவனுக்கு நினைவில்லை என்று முடியும்போது ஏமாந்த உணர்வே மிஞ்சியது. போதாக்குறைக்குக் கஃப், ரேச்சல்தான் தன் வைரத்தைத் தானே ஒளித்திருக்கிறாள் என்று தவறாகத் தீர்மானித்துவிட்டுப் பாதியிலேயே விடைபெற்றுப் போய்விடுகிறார். வாசகனுக்குத் தர வேண்டிய தடயத்தைத் தராமல் ஆசிரியர் தப்பித்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

திண்ணைக்காரர்:

தடயம் தரப்படவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிறந்தநாள் விருந்துப் பகுதியைத் திரும்பப் புரட்டிப் பாருங்கள். ரேச்சலுக்குச் சுருட்டு வாடை பிடிக்காததால் ஃப்ராங்க்ளின் புகைப்பதை விட்டுவிடுகிறான். அதனால் அவனுக்குத் தூக்கம் கெடுகிறது. விருந்தில் மருத்துவர் கேண்டி மருந்து சாப்பிடச் சொல்ல, மருந்தை நம்புவதும் இருட்டில் தடவுவதும் ஒன்றுதான் என்று இவன் கிண்டல் செய்ய, இருவருக்கும் வாய்ச்சண்டை மூளுகிறது. அவனுக்குத் தெரியாமலேயே லாடனம் என்னும் அபின் கரைசலைக் கொடுத்து அவன் வாயை அடைக்க வேண்டும் என்று கேண்டிக்குத் தோன்றியதற்கான காரணம் முழுவதும் அந்த மேசையிலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்பவர் அந்த வீட்டு மேலாளர் பெட்டரெட்ஜ்; எந்தச் சிக்கல் வந்தாலும் ‘ராபின்சன் குரூசோ’வைப் பிரித்துப் பலன் பார்க்கும் முதியவர். அவர் அதை விருந்தில் நேர்ந்த சங்கடங்களுள் ஒன்றாகச் சொல்லிச் செல்வதால் நாம் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகிறோம்.

ஓராண்டு கழித்து கேண்டியின் உதவியாளர் எஸ்ரா ஜென்னிங்ஸ் அதே வீட்டில் அதே மருந்தைக் கொடுத்துச் சோதிக்கும் பகுதியையும் கவனிக்க வேண்டும். முதல் முறை கொடுத்தது 25 துளி, இப்போது 40. ஃப்ராங்க்ளின் மயக்கத்தில் எழுந்து போய் போலிக் கல்லை எடுக்கிறான். ஆனால் எங்கே கொண்டு வைத்தான் என்பதைக் காட்டுவதற்குள் கல் கைநழுவி விழ, சோபாவில் சாய்ந்து தூங்கிவிடுகிறான். சோதனை பாதிதான் பலித்தது. தப்பித்துக்கொள்ள நினைக்கும் ஆசிரியர் முழுவதுமாகப் பலிக்க வைத்திருப்பார். காலின்ஸ் மூட்டு வலிக்காக லாடனம் குடித்து வந்தவர் என்பதும், அது செய்யக்கூடியதையும் கூடாததையும் அவர் அறிந்திருந்தார் என்பதும் இங்கே நினைவுக்கு வருகின்றன.

கஃப் தவறியது பற்றி ஒரு சொல். 1860இல் ரோட் ஹில் என்ற வீட்டில் ஒரு சிறுவன் கொல்லப்பட்ட வழக்கில், லண்டனிலிருந்து வந்த துப்பறிவாளர் விச்சர், காணாமற்போன ஓர் இரவு உடையை வைத்து அந்த வீட்டுப் பெண்ணையே சந்தேகித்துப் பெயர் கெட்டார். 1865இல் அந்தப் பெண் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். ‘மூன்ஸ்டோனி’லும் ஓர் இரவு உடை காணாமற்போகிறது, லண்டனிலிருந்து வந்தவர் வீட்டுப் பெண்ணைச் சந்தேகிக்கிறார். நாவலில் மட்டும் அது தவறாகிறது. அன்றைய வாசகர்களுக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் புரியாமல் இருந்திருக்காது.

கண்ணாடிப்பேழை:

நீங்கள் இருவரும் அபினையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். என்னைக் கேட்டால், இந்த மர்மத்தைக் காத்து நிற்பது அபின் அன்று. இரண்டு பெண்களின் மௌனம். ஃப்ராங்க்ளின் வைரத்தை எடுப்பதை ரேச்சல் தன் கண்ணாலேயே பார்க்கிறாள், பார்த்தும் அவனைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் வாயை மூடிக்கொள்கிறாள். வேலைக்காரி ரோசன்னா வண்ணக்கறை படிந்த அவனுடைய இரவு உடையைக் கண்டெடுத்து, அதைத் தகரப்பெட்டியில் வைத்துச் சங்கிலி கட்டிப் புதைமணலில் இறக்கிவிட்டு, பிறகு அதே மணலில் உயிரை விடுகிறாள். இருவரும் காப்பாற்றுவது ஒரே ஆளை. அவனோ ஒன்றும் அறியாமல் போலீசை வரவழைத்து, எல்லாரையும்விடத் தீவிரமாகத் திருடனைத் தேடுகிறான்! ரேச்சலுக்கு அது எவ்வளவு பெரிய வெட்கக்கேடாகத் தோன்றியிருக்கும்? பெட்டியைத் திறந்த ஃப்ராங்க்ளின் உடையில் தன் பெயரையே வாசிக்கும் இடத்தில் எனக்குத் திகைப்பைவிட ரோசன்னாவை நினைத்து வந்த துக்கமே அதிகம்.

எனக்குள்ள குறை வேறு. ரேச்சலின் உறவினரான மிஸ் கிளாக் சொல்லும் பகுதி மிக நீளம். பக்திப் பிரசுரங்களை வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஒளித்து வைக்கும் வேடிக்கை முதலிரண்டு முறைதான் சிரிப்பூட்டுகிறது.

இரவுவாசகன்:

இருவருக்கும் நன்றி. விருந்துப் பகுதியை நேற்றிரவு மறுபடியும் படித்தேன். தடயம் இல்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ரேச்சல் ஓராண்டு முழுவதும் வாய் திறக்காமல் இருந்ததுதான் இன்னும் சற்று உறுத்துகிறது. ஆனால் நான் வியந்து எழுதிய அதே வண்ணக் காட்சியில், தன் அறையிலிருந்து வெளியே வரும் ரேச்சல், உங்கள் கடமையை நீங்களே செய்யுங்கள், ஃப்ராங்க்ளின் பிளேக்கை மட்டும் உதவிக்குச் சேர்த்துக்கொள்ளாதீர்கள் என்று கஃபிடம் வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போகிறாள். முதல் முறை படித்தபோது அதைச் செல்லமாக வளர்ந்த பெண்ணின் கோபம் என்று எண்ணிக் கடந்துவிட்டு, கதவில் கலைந்திருந்த வண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.