கல்லீரலுக்குப் பரவின குடல் புத்துநோய்: எதிர்ப்பு சக்தி ஏன் அங்க எடுபடல?

கேள்வி (தண்டையார்பேட்டை): அப்பாவுக்குப் பெருங்குடல் கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருக்கு. சொந்தக்காரங்க "எதிர்ப்பு சக்தியை ஏத்து"ன்னு சீந்தில் பொடி குடுக்கச் சொல்றாங்க. இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு செல்களையே கட்டியைத் தாக்க வைக்கிற சிகிச்சை) பத்திக் கேட்டா, டாக்டர் முதல்ல பிளாக்கை (மெழுகுல பதிச்சு வெச்ச கட்டித் திசு) டெஸ்ட்டுக்கு அனுப்பணும்ங்கிறார். உடம்புல எதிர்ப்பு சக்தி இருந்தும் எப்படிப் பரவுச்சு?

பதில் 1 (ராயபுரம்): தம்பி, பெருங்குடல் ரத்தம் போர்ட்டல் குழாய் வழியா முதல்ல கல்லீரலுக்குத்தான் போகும். கல்லீரலுக்கு வர்ற ரத்தத்துல முக்கால் பங்கு அந்த வழிதான். சாப்பாட்டுத் துணுக்கு, குடல் பாக்டீரியாவோட துண்டுன்னு தினமும் வந்து இறங்கும். எல்லாத்தோடயும் சண்டை போட்டா கல்லீரலே புண்ணாயிடும். அதனால அங்க காவல் காக்கிற, வேண்டாததை விழுங்கற குப்ஃபர் செல்கள் பெரும்பாலும் பொறுத்துப் போகும். வர்ற புத்து செல்கள்ல பலதை அதுங்க விழுங்கவும் செய்யும், ஆனா தப்பிச்சது வேர் விட்டுட்டா அந்தப் பொறுமை கட்டிக்குத்தான் சாதகம். 2021ல வந்த எலி ஆய்வுல இன்னொண்ணும் தெரிஞ்சுது: கல்லீரல் கட்டியில இருக்கிற மேக்ரோபேஜ்ங்கிற விழுங்கும் செல்கள், ரத்தத்துல சுத்துற, புத்து செல்லைக் கொல்ற சிடி8 டி செல்களையும் இழுத்துச் சாகடிக்குது. கல்லீரல்ல பரவினவங்களுக்கு இம்யூனோதெரபி பலன் குறையறதுக்கு இது ஒரு காரணம்.

பதில் 2 (பெரம்பூர்): டாக்டர் சொல்றதுதான் சரி. எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, பிஎம்எஸ்2ன்னு டிஎன்ஏ பிழை திருத்துற நாலு புரதம் கட்டியில இருக்கான்னு அந்த பிளாக்குல சாயம் போட்டுப் பார்ப்பாங்க. ஒண்ணு இல்லைன்னாலும் பிழை குவிஞ்சு, டி செல் கண்ணுல படற புதுப் புரதங்கள் கட்டியில உருவாகும். பரவின குடல் புத்துல நூத்துக்கு அஞ்சு பேர் அளவுக்குத்தான் இப்படி. அவங்களுக்கு பெம்ப்ரோலிசுமாப்ங்கிற இம்யூனோதெரபி ஊசியை முதல் சிகிச்சையாவே குடுக்கலாம்: 3 வாரத்துக்கு ஒருமுறை 200 மி.கி. மத்தவங்களுக்கு கீமோதான் அடிப்படை. கல்லீரல் ஆபரேஷன் முடியுமான்னும் கட்டாயம் கேளுங்க, கீமோவுக்கு அப்புறம்னா குறைஞ்சது 30 சதவீதம் கல்லீரல் மிஞ்சணும்.

ஒரு விஷயம் கவனிங்க. கட்டிக்குப் பக்கத்துல இருக்கிற நல்ல செல்லும் சாயம் ஏத்தலைன்னா அது "புரதம் இல்லை"ன்னு அர்த்தம் இல்ல, டெஸ்ட்டே சரியா வரலைன்னு அர்த்தம். ஃபார்மலின்ல சரியா ஊறாத திசுவுல இப்படி ஆகும். திரும்பப் பண்ணணும், இல்ல பிசிஆர்ல (டிஎன்ஏவையே பார்க்கிற டெஸ்ட்) பார்க்கணும்.

பதில் 3 (திருவொற்றியூர்): சீந்தில் பொடி வேணவே வேணாம்மா! அதைச் சாப்பிட்டு, எதிர்ப்பு செல்களே கல்லீரலைத் தாக்கின கேஸ் நம்ம நாட்டுலயே பதிவாகியிருக்கு. இம்யூனோதெரபியிலயும் கல்லீரல் வீங்கலாம். எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டுற ரத்த அளவு) நார்மலைவிட 3 மடங்கு தாண்டினா ஊசியை நிறுத்தி வெச்சு ஸ்டீராய்டு பத்தி யோசிப்பாங்க. பொடியும் உள்ள போயிருந்தா எதனால ஏறுச்சுன்னே பிரிக்க முடியாது. ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட்டும் முன்னாடியே எடுத்துடுங்க.

கேள்வி கேட்டவர்: நன்றிக்கா. ரிப்போர்ட்டுல நாலு பிளாக் நம்பர் இருக்கு, எதைக் கேட்டு வாங்கறது?

பதில் 2: கட்டியும் நார்மல் திசுவும் ஒண்ணா இருக்கிற பிளாக் எதுன்னு பேத்தாலஜியில கேளுங்க. சாயம் போட்ட ஸ்லைடை மட்டும் குடுத்தா பத்தாது, மெழுகு பிளாக்கே வேணும். பயாப்ஸி நம்பரோட ரிப்போர்ட் காப்பியும் கூட வெச்சு அனுப்புங்க.