ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஆர்.சி.சி.பி. வாங்கலாமா?

வணக்கம். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் சுவிட்ச்) மாட்ட வேண்டும். ஆன்லைனில் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது, நட்சத்திரங்களும் அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை, ஆர்.சி.சி.பி.க்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 12640-உம் இல்லை. "டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், டக்கென்று விழுந்தது, சூப்பர்" என்பதுதான் முக்கால்வாசி விமர்சனம். அந்தப் பட்டன், சுவிட்ச் டிரிப் ஆகிறதா, அதாவது விழுகிறதா என்று மட்டும்தான் காட்டும். எத்தனை மில்லி ஆம்பியர் கசிவில், எவ்வளவு வேகத்தில் விழுகிறது என்று காட்டாது. எலக்ட்ரீஷியன் அண்ணனோ "எல்லாம் ஒன்றுதான் சார்" என்கிறார்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் உரிம எண்ணைச் சரிபார்த்து வாங்கியவர்கள் யாராவது உண்டா? எந்த மாடல்? அப்புறம், மதுரைப் பக்கம் வீட்டுக்கே வந்து கருவி வைத்து டிரிப் அளவைச் சோதித்துத் தருபவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.