ஜூன் கேம்ப்: பெரிய பல்கலையா, மெகா கேம்பா?

டெக்ஸாஸ்தம்பி: பையன் பதினோராம் வகுப்புக்குப் போகிறான். அமெரிக்கன் ஃபுட்பாலில் அஃபென்சிவ் லைன் (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசைத் தடுப்பாளர்), 6 அடி 2 அங்குலம், 265 பவுண்டு. பெரிய டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்பிரிவு; 2, 3 அதற்கடுத்தவை) பல்கலை ஒன்று, பையன்களின் ஆட்டத்தைக் கோச்சுகள் பார்க்கும் கேம்புக்கு அழைத்து மெயில் அனுப்பியிருக்கிறது. அதே நாளில் பக்கத்து டிவிஷன் 2 கல்லூரி மைதானத்தில் மெகா கேம்ப், பல கல்லூரிகளின் கோச்சுகள் வருவார்களாம். எதற்குப் போகலாம்?

யார்டு40: மெகா கேம்ப்தான். உங்களுக்கு வந்தது அழைப்பில்லை, விளம்பரம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி வயது, வகுப்பு, பாலினம், மொத்த எண்ணிக்கை தவிர வேறு எதைக் காட்டியும் யாரையும் தடுக்க முடியாது. காசு கட்டினால் இடம். டிவிஷன் 1 கோச்சுகள் ரெக்ரூட்டிங் (அணிக்கு ஆள் சேர்க்கும்) கடிதம் அனுப்பத் தொடங்குவதே பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1இல்தான். கேம்ப் நோட்டீஸுக்கு அந்தத் தடை இல்லை, அதனால்தான் இப்படிக் குவிகிறது.

லெஃப்ட்டேக்கிள்: அவசரப்படாதீர்கள் சார். மெகா கேம்பில் முப்பது கல்லூரி டிஷர்ட் ஓரமாக நிற்கும், பெயர் தெரியாத பையனை எவர் பார்க்கிறார்? பல்கலை கேம்பில் லைன் கோச்சே ஸ்டான்ஸை (குனிந்து தயாராக நிற்கும் நிலையை) திருத்துவார். சொன்னதை அடுத்த முறையே மாற்றிச் செய்கிறானா என்றுதான் கவனிப்பார். வேகத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

யார்டு40: எந்த வரிசையில் நின்றால் திருத்துவார்? ஏற்கெனவே கண் வைத்த பையன்கள் அவரிடம், மற்றவர்கள் கடைசி மைதானத்தில் மாணவ உதவியாளரிடம். கணக்குப் போடுங்கள்: 60 அஃபென்சிவ் லைன்மேன், இரண்டு வரிசை, 40 நிமிட ஒன்-ஆன்-ஒன் (ஒருவருக்கு ஒருவர் மோதல்), ஒரு மோதலுக்கு 30 விநாடி. ஆளுக்கு மூன்றுகூடத் தேறாது. முதலாவதில் கால் வழுக்கினால் கதை முடிந்தது.

லெஃப்ட்டேக்கிள்: வழுக்குவது ஷூ பிரச்சினை. செயற்கைப் புல், இயற்கைப் புல் இரண்டுக்கும் தனித்தனி ஜோடி எடுத்துப் போகட்டும். இரண்டு வாரம் முன்பே லைன் கோச்சுக்கு மெயில் போடுங்கள்: ஹட்ல் (ஆட்ட வீடியோ தளம்) லிங்க், உயரம், எடை, மார்க் ஷீட். செப்டம்பர் 1 வரை அவர் பையனுக்கு ரெக்ரூட்டிங் பதில் எழுத முடியாது. ஆனால் பள்ளிக் கோச்சிடம் அவன் ஆடிய ஏதாவதொரு ஸ்னாப்பை (ஒரு தனி ஆட்டத் தருணத்தை) குறிப்பிட்டால் போங்கள். வெறும் ரெஜிஸ்ட்ரேஷன் லிங்க் வந்தால் நீங்கள் சொல்வதே சரி, மெகா கேம்ப்.

யார்டு40: அப்படி வாருங்கள்! உயரத்தை ஷூ இல்லாமல் அளந்து அனுப்புங்கள், அங்கே மறுபடி அளப்பார்கள். 6-2 என்பது பெரிய பல்கலையில் டேக்கிளுக்கு (லைனின் இரு ஓர இடம்) குட்டை. உள்பக்க இடங்களான கார்ட், சென்டர் என்று பதியுங்கள், ஷாட்கன் ஸ்னாப் (சென்டர் சில யார்டு பின்னால் நிற்பவருக்குப் பந்தை எறிவது) பழகி வரட்டும். 40 யார்டு ஓட்டத்துக்கு ஏங்க வேண்டாம். ஸ்டாப்வாட்ச் நேரம் எலக்ட்ரானிக்கைவிட சுமார் 0.2 விநாடி குறைத்தே காட்டும். லைனுக்கு முதல் 10 யார்டும் 5-10-5 ஷட்டிலும் (5, 10, 5 யார்டு எனத் திசை மாற்றி ஓடுவது) போதும்.

டெக்ஸாஸ்தம்பி: டிவிஷன் 2இல் ஸ்காலர்ஷிப் முழுசாகக் கிடைக்குமா?

லெஃப்ட்டேக்கிள்: பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான். ஒரு அணிக்கு 36 முழு ஸ்காலர்ஷிப் அளவு, அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று எதுவும் இல்லை, மதிப்பெண் உதவித்தொகைதான்.

யார்டு40: அந்தத் துண்டுகளைப் பிரிக்கும் கோச்சுகள் நிற்கும் இடம்தான் மெகா கேம்ப். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) வந்த பிறகு பெரிய பல்கலைகள் பள்ளிப் பையனைவிட, இரண்டு வருஷம் கல்லூரியில் ஆடிய லைன்மேனைத்தான் முதலில் தேடுகின்றன.

லெஃப்ட்டேக்கிள்: அது போகட்டும். வருகிற கோச்சுகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். போஸ்டரில் லோகோ இருந்தாலே லைன் கோச் வருகிறார் என்று அர்த்தமில்லை.