பாப் இசைக் காணொளியை ஊடகக் கோட்பாட்டால் ஆராய்வது எப்படி? என் கட்டுரை ஓரிடத்தில் முட்டி நிற்கிறது

பின்வரிசை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஊடகவியல் பாடத்திற்காக ஒரு பாப் இசைக் காணொளியை எடுத்துக்கொண்டு, ஏதேனும் ஒரு கோட்பாட்டின் துணையோடு ஆராய்ந்து 1500 சொற்களில் எழுத வேண்டும். மடோனாவின் 'மெட்டீரியல் கேர்ள்' பாடலுக்கு 1985இல் வெளியான காணொளியைத் தேர்ந்துகொண்டேன். திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முன்வைத்த ஆண்நோக்கு (பெண்ணை ஆணின் பார்வைக்கு உரிய பொருளாகப் படம் காட்டுவது) என்னும் கருத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பு உடையில் ஒரு பெண் நடுவில் ஆடுகிறாள், கறுப்பு உடையணிந்த ஆண்கள் அவளைச் சூழ்ந்து நிற்கிறார்கள், ஆண்கள் பார்க்கிறார்கள், பெண் பார்க்கப்படுகிறாள், ஆகவே இது ஆண்நோக்கு என்று எழுதி முடித்தேன்.

வரைவைப் படித்த ஆசிரியர், "காணொளியின் பெயரை மாற்றிவிட்டு வேறு எதன் பெயரைப் போட்டாலும் இந்தப் பத்தி பொருந்தும்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை என்று தெரிகிறது. ஆனால் எந்த இடத்தில் பிடித்துத் திருத்துவது என்றுதான் புரியவில்லை. குறியியல் (குறிகள் பொருள் தரும் விதத்தை ஆராய்வது), நட்சத்திரக் கோட்பாடு, பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலின் வாசிப்பு முறைகள் என எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் சரியாகிவிடுமா?

ஒலிநாடா (பதில்):

சேர்த்தால் இன்னும் மோசமாகும். ஒரு முத்திரை குத்திய இடத்தில் நான்கு முத்திரை குத்தியது போலத்தான் இருக்கும். கோட்பாட்டைச் சற்று நேரம் ஓரமாக வைத்துவிட்டு, காணொளியை ஒலி இல்லாமல் ஒரு முறையும் படம் பார்க்காமல் பாடலை மட்டும் ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். பிறகு முதல் ஒரு நிமிடத்தை மட்டும் ஷாட் ஷாட்டாகக் குறித்துக்கொள்ளுங்கள்: யார் திரையில் இருக்கிறார், எவ்வளவு அருகில், கண் எங்கே பார்க்கிறது, எந்தத் தாளத்தில் வெட்டு விழுகிறது. அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் உங்கள் வரைவில் இல்லாதது இந்த ஒரு நிமிடம்தான் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால், இந்தக் காணொளி நீங்கள் சொல்லும் ஆட்டத்தோடு தொடங்கவில்லை. சிறிய திரையிடல் அறையில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்து, எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்ப்பதில் தொடங்குகிறது. அவர்களில் செல்வாக்குள்ள திரைப்படப் புள்ளியாக நடித்திருப்பவர் கீத் கரடைன். அவர் திரையில் பார்க்கும் பெண்ணைத்தான் நாமும் பிறகு பார்க்கிறோம். அதாவது 'பெண்ணை ஆண் பார்க்கிறான்' என்பதைக் காணொளியே முதல் காட்சியாக வைத்து நமக்குக் காட்டிவிடுகிறது. காணொளி வாய்விட்டுச் சொல்வதைக் கண்டுபிடிப்பாக எழுதியதால்தான் உங்கள் பத்தி தட்டையாகிவிட்டது.

அந்த ஆட்டக் காட்சியும் தற்செயலான அலங்காரம் அல்ல. 1953இல் வெளியான 'ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்' படத்தில் ஹாலிவுட் நடிகை மெர்லின் மன்றோ வைரங்களைப் பற்றிப் பாடி ஆடும் காட்சியை, உடையிலிருந்து கையுறை வரை திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நேர்ப்பொருளில் அது ஓர் இளஞ்சிவப்பு உடை. குறிப்புப் பொருளில் அது மன்றோ. குறியியலாளர் ரோலான் பார்த் பிரித்துக் காட்டிய இந்த இரு தளங்களும் உங்கள் பத்தியில் முதல் தளத்தோடு நின்றுவிட்டன. (உள்ளுறை உவமத்தைப் படித்துப் பழகிய நமக்கு இது கடினமாக இருக்கக் கூடாது!) மன்றோவை அறிந்த பார்வையாளருக்கு இது 'நான் ஒரு வேடம் போடுகிறேன்' என்று ஒலிக்கும். அறியாதவருக்கு வெறும் கவர்ச்சியாகவே நிற்கும்.

குறுக்குவெட்டு (பதில்):

ஒலிநாடா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் மல்வியை அவ்வளவு சீக்கிரம் ஓரம் கட்ட வேண்டாம். அவர் எழுதியது ஹாலிவுட்டின் செவ்வியல் கதைப்படங்களைப் பற்றி என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். அவர் மூன்று பார்வைகளைப் பிரிக்கிறார்: படம் பிடிக்கும் கேமராவின் பார்வை, அரங்கில் இருக்கும் பார்வையாளரின் பார்வை, கதைமாந்தர் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை. கதைப்படம் முதல் இரண்டையும் மறைத்து, மூன்றாவதை மட்டும் நம் கண்ணுக்குத் தருகிறது என்பது அவருடைய வாதம். இசைக் காணொளியிலோ பாடகர் நேராகக் கேமராவைப் பார்த்துப் பாடுவது வெகு இயல்பு. எனவே கோட்பாடு நிற்கும் தரையே இங்கே மாறிவிடுகிறது. கோட்பாடு எங்கே பொருந்தவில்லை என்று காட்டும் பத்திதான் வேறு காணொளிக்கு மாற்றி ஒட்ட முடியாத பத்தியாக இருக்கும்.

இதைச் சொன்னவுடன், 'அவள் திருப்பிப் பார்க்கிறாள், ஆகவே அதிகாரம் அவள் கையில்' என்று சிலர் எழுதிவிடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விளம்பரத்தில் சோப்பு விற்பவரும் கேமராவைப் பார்த்துத்தான் பேசுகிறார். ஊடக ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வின் 1992இல் இசைத் தொலைக்காட்சியைப் பற்றி எழுதிய நூலில், காணொளிகளைத் திரைப்படக் கோட்பாட்டின் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தால், அவை பாடலையும் நட்சத்திரத்தையும் விற்கப் பிறந்தவை என்பது மறைந்துபோகும் என்று வாதிட்டார். முகத்தின் குளோசப் அடிக்கடி வருவதற்குக் கதையைவிட இசை நிறுவனத்தின் தேவை பெரிய காரணமாக இருக்கலாம்.

பாடல் வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவை அவர் மூன்றாகப் பிரித்ததுதான் உங்களுக்கு இங்கே அதிகம் உதவும். படம் வரியை அப்படியே விளக்கலாம், வரியில் இல்லாததைச் சேர்த்து விரிக்கலாம், அல்லது வரியை விட்டு விலகி நிற்கலாம். உங்கள் காணொளியில் ஆட்டக் காட்சி வரியை விளக்குகிறது, பணக்காரனே வேண்டும் என்கிறது. ஆட்டத்துக்கு வெளியே நடக்கும் கதையில் அதே நடிகை ஒப்பனை அறையில் தோழியோடு தொலைபேசியில் பேசும்போது, விலையுயர்ந்த பரிசு தனக்குப் பெரிதல்ல என்பது தெரிந்துவிடுகிறது. அதை ஒட்டுக்கேட்ட அந்தத் திரைப்படப் புள்ளி, ஏழை போல நடித்து, எளிய பூக்களோடு வருகிறார். பாடல் ஒன்றைச் சொல்ல, கதை அதற்கு எதிரானதைச் சொல்கிறது. ஒரே காணொளிக்குள் குட்வின் சொன்ன முதல் உறவும் மூன்றாவது உறவும் மோதுகின்றன.

பின்வரிசை:

இருவருக்கும் மிக்க நன்றி. முதல் நிமிடத்தை நீங்கள் சொன்னபடி குறித்தேன், திரையிடல் அறையை நான் 'அறிமுகம்' என்று ஒதுக்கித் தள்ளியிருந்தது அப்போதுதான் உறைத்தது. இப்போது இப்படி எழுதலாமா: "பாடல் பணத்தைப் போற்றுகிறது, கதை பணத்தை மறுக்கிறது, எனவே காணொளி பாடலைக் கேலி செய்கிறது." இன்னொரு கேள்வி: ஹாலின் வாசிப்பு முறைகளை இதில் எங்கே வைப்பது?

ஒலிநாடா:

கடைசி நிமிடத்தை இன்னும் குறிக்கவில்லை என்று தெரிகிறது. அந்த மனிதர் நாயகியை அழைத்துச் செல்லப் பழைய பிக்கப் வண்டி ஒன்றை ஏற்பாடு செய்கிறார் அல்லவா? அந்த வண்டிக்காரருக்கு அவர் பணம் எண்ணிக் கொடுப்பதைப் படம் தெளிவாகவே காட்டுகிறது. ஏழ்மைத் தோற்றத்தையும் அவர் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். நாயகிக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். ஆகவே 'கதை பணத்தை மறுக்கிறது' என்ற உங்கள் வாக்கியம் அந்த ஒரு ஷாட்டில் உடைந்துபோகிறது. பணம் வேண்டாம் என்பவளைப் பணம்தான் அடைகிறது. போதாக்குறைக்கு, முதல் காட்சியில் இருட்டில் உட்கார்ந்து அவளைப் பார்த்த அதே ஆணோடுதான் அவள் இறுதியில் அந்த வண்டியில் இருக்கிறாள். ஆட்டத்தில் தளர்ந்த மல்வியின் பிடி, கதையில் மீண்டும் இறுகுகிறது. நான் எழுதுவதாக இருந்தால் 1500 சொற்களில் பாதியை இந்த வண்டிக்கே கொடுப்பேன்.

குறுக்குவெட்டு:

வண்டி ஷாட்டை நானும் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதியைக் கொடுப்பது கொஞ்சம் அதிகம்.

ஹாலைப் பற்றி: அவர் 1973இல் முன்வைத்த மாதிரி, செய்தியை ஆக்குபவர் ஏற்றும் பொருளும் பெறுபவர் இறக்கிக்கொள்ளும் பொருளும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்கிறது. ஏற்கும் வாசிப்பு, பேரம் பேசும் வாசிப்பு, எதிர்க்கும் வாசிப்பு என்று மூன்று நிலைகள். இதை வைத்து மூன்று கற்பனைப் பார்வையாளர்களை உருவாக்கி ஆளுக்கு ஒரு பத்தி எழுதுவது மாணவர் கட்டுரைகளில் பெருகிவிட்ட பழக்கம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கதை என்ன சொன்னாலும், பாடலின் தலைப்பே பத்திரிகைகளில் மடோனாவின் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. வேடம் என்று காட்டிய பிறகும் வேடத்தையே ஆளாக எடுத்துக்கொண்டார்கள். அதை எதிர்ப்பு வாசிப்பு என்று சொல்ல முடியாது, ஏனெனில் எதிர்ப்பவர் முதன்மைப் பொருளைப் புரிந்துகொண்டுதான் மறுக்கிறார். இங்கே நடந்தது வேறு: எந்தப் பொருள் முதன்மையானது என்பதிலேயே காணொளி தடுமாறுகிறது, வானொலியில் கேட்டவருக்கோ கதை கிடைக்கவே இல்லை. நட்சத்திரக் கோட்பாட்டை வகுத்த ரிச்சர்ட் டயர் 1979இல் எழுதியபடி நட்சத்திரப் பிம்பம் என்பது படங்கள், செய்திகள், விளம்பரங்கள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் சேர்த்துக் கட்டப்படுவது என்றால், அந்தப் பட்டப்பெயரும் அதில் ஒரு செங்கல். டயருக்கு இதற்கு மேல் இடம் தர வேண்டாம், ஒரு வாக்கியம் போதும்.

இன்னொன்று: காணொளியை இயக்கியவர் மேரி லாம்பர்ட் என்ற பெண். 'பெண் இயக்கியதால் ஆண்நோக்கு இல்லை' என்று எழுதும் ஆசை வரும். மல்வி பேசுவது கேமராவுக்குப் பின்னால் நிற்பவரின் பாலினத்தை அல்ல, பார்வை ஒழுங்கமைக்கப்பட்ட விதத்தை.

பின்வரிசை:

அந்த ஆசை வந்தது, ஒரு வாக்கியமும் எழுதியிருந்தேன், இப்போதுதான் அடித்தேன். கட்டுரையை வண்டிக்காரருக்குப் பணம் கொடுக்கும் ஷாட்டிலிருந்து தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கித் திரையிடல் அறைக்குப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வார இறுதியில் வரைவை இங்கேயே இடுகிறேன்.