புதுப்பிப்பு: பாலைமரத்துப் புலிமுகச் சிலந்தி

நிலாவெளியில எங்கட வளவுப் பாலைமரப் பொந்தில பிடிச்ச புலிமுகச் சிலந்தியை (மரத்தில வாழுற பெரிய மயிர்ச் சிலந்தி) என்ர முதல் வளர்ப்பா வைக்கலாமோ எண்டு போன கிழமை கேட்டிருந்தன். வைக்கேல்லை. நேற்றிரவு அதே பொந்தடியில, அதை வைச்சிருந்த ஜாம் போத்தலைச் சரிச்சன். முன்கால் ரெண்டாலயும் பட்டையைத் தடவிப் பாத்திட்டு, ஒரே பாய்ச்சலா உள்ளுக்குப் போயிட்டுது. அந்தக் காலின்ர அடிப்பக்க மஞ்சள் என்ன வடிவு!

இந்தப் பேரினம் இலங்கையிலயும் இந்தியாவிலயும் மட்டும்தான் இருக்கு. 2019இல சைட்டிஸ் (அருகிவாற உயிரினங்களின்ர சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தம்) பட்டியலிலயும் சேத்திட்டினம். வேகம் கூட. கடிச்சா நாள்கணக்கில தசைப்பிடிப்பு வரலாம். புதுசா வளர்க்கிற ஆக்களுக்குத் தென்னமெரிக்காவின்ர சாந்தமான கிரமொஸ்டோலா வகைச் சிலந்திதான் பொருத்தம். அதிலயும் பெண் சிலந்தி 20 வருசத்துக்கு மேல உயிரோட இருக்கும். அந்தப் பொறுப்புக்கு நான் இன்னும் ஆயத்தமில்லை. இப்ப ஒவ்வொரு இரவும் டோர்ச்சோட மரத்தடிக்குப் போறன்.