டிரான்ஸ்ஃபர் கேஸ்: 'பகிர்பெட்டி' சரியா வருமா?

வணக்கம்,

டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு, அதாவது ஃபோர் வீல் டிரைவ் வண்டில கியர்பாக்ஸ்லேருந்து வர்ற சுழற்சிய முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் அனுப்புற பெட்டிக்கு, தமிழ்ல 'மாற்றுப் பெட்டி'ன்னு பேர் வைக்கலாம்னு வந்த யோசனை எனக்குச் சரியாப் படல. ஃபோர் வீல் டிரைவ் டிரக்குல ஸ்விட்ச் அமுக்குனா மோட்டார்ல மாறுற கேஸக் கழட்டிட்டு, லிவர் புடிச்சு மாத்துற கேஸ மாட்டுறது எப்படின்னுதான் எழுதப் போறோம், அதுல 'மாற்றுப் பெட்டிய மாத்துறது'ன்னு வந்தா படிக்கிறவர் ஏதோ ஸ்பேர் பெட்டின்னுதான் எடுத்துக்குவார். 'கடத்து பெட்டி'யும் வேணாம், கடத்தல்னா நமக்கு வேற ஞாபகம்தான் வரும்.

அந்தப் பெட்டி என்ன பண்ணுதுன்னு பாப்போம். கியர்பாக்ஸுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கு. டூ ஹைல (பின் சக்கரம் மட்டும் இழுக்கற சாதாரண நிலை) பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்டுக்கு மட்டும் சுழற்சி போகும், ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்கற நிலை) போட்டா உள்ள ஒரு காலர் நகந்து செயின் ஸ்ப்ராக்கெட்டப் புடிச்சுக்கும், முன் ஷாஃப்டும் சேந்து சுத்த ஆரம்பிச்சுடும். ஃபோர் லோல அதோட கியர் குறைப்பும் உண்டு, வேகம் குறைஞ்சு இழுவை கூடும். ஃபோர்டு சூப்பர் டியூட்டி டிரக்குல வந்த கேஸ்கள்ல என்வி 273 மோட்டார்ல மாறுறது, என்வி 271 லிவர்ல மாறுறது, ரெண்டுலயும் ஃபோர் லோ குறைப்பு 2.72-க்கு 1 தான். அதனாலதான் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்துறவங்க இந்த ஜோடியத் தேடிப் போறாங்க.

அதான் 'பகிர்பெட்டி'ங்கறேன். பார்ட் டைம் கேஸ் (தேவைப்படறப்ப மட்டும் ஃபோர் வீல் போடுறது) எங்க பகிருது, ரெண்டு ஷாஃப்டையும் பூட்டத்தான செய்யுதுன்னு கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்வி, முன்னும் பின்னும் ஒரே வேகத்துல சுத்துறதாலதான் காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் ஹைல திரும்பினா வண்டி இறுக்கிக்கிட்டு வரும். ஆனா பகிர்றதுன்னா சரிபாதின்னு அர்த்தம் இல்லையே, ஒரு எடத்துலேருந்து வர்றது ரெண்டு பக்கம் போகுது, அவ்வளவுதான். உள்ளயே டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்கமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் அமைப்பு) வச்சு, எப்பவும் நாலு சக்கரத்தையும் ஓட்டுற ஃபுல் டைம் கேஸுக்கும் இதே பேர் நிக்கும், 'பூட்டுப்பெட்டி'ன்னு வச்சா நிக்காது. அப்புறம் இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி, அதனால நடுவுல ப் போட்டு 'பகிர்ப்பெட்டி'ன்னு எழுதிடாதீங்க.

மேனுவல் ஷிஃப்டுலதான் சிக்கலே. 'கைமாற்று'ன்னா அவசரத்துக்கு வாங்குற கடன், 'மின்மாற்று'ன்னா டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போயிடும். அதனால கண்ணுக்குத் தெரியறத வச்சு கோல்வகை, மோட்டார்வகைன்னு பிரிச்சுக்கலாம். ஹை, லோவுக்கு உயர்கதி, தாழ்கதி.

இப்ப இத வச்சு வேலையச் சொல்லிப் பாக்கறேன், எங்க இடிக்குதுன்னு நீங்களே பாருங்க:

"கோல்வகைப் பகிர்பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல எத்தன ஸ்ப்லைன் (நீளவாக்குல வரிவரியா இருக்கற மேடு) இருக்கு, பெட்டியோட வாய்ல எத்தன இருக்குன்னு எண்ணுங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். போல்ட் ஓட்டை பொருந்துதா, முன் ஷாஃப்ட் வெளிய வர்ற பக்கம் உங்க முன் ஆக்ஸில் டிஃபரன்ஷியல் இருக்கற பக்கமான்னு பாருங்க. பெட்டி நீளம் மாறுனா ஷாஃப்ட் நீளமும் மாத்த வேண்டி வரும். கோலுக்குத் தரையில ஓட்டை போடணும், மேல ரப்பர் உறை இல்லேன்னா தண்ணியும் சேறும் உள்ள வரும். தாழ்கதி சிக்னல் கம்ப்யூட்டருக்குப் போற வண்டின்னா அந்த ஸ்விட்ச்ச விட்டுடாதீங்க. முன் சக்கரத்துல வேக்கம்ல பூட்டுற ஹப் (சக்கரத்த ஆக்ஸிலோட இணைக்கறது) இருந்தா, இனிமே எறங்கிப் போய் கையாலதான் லாக்குக்குத் திருப்பணும்."

எனக்கு எங்கயும் தடுக்கல. 'மோட்டார்வகை பழுதாச்சுன்னா கோல்வகைக்குப் போங்க'ன்னு மெக்கானிக் வாயில வர்றதும் சுலபம்னு நம்புறேன்.

ஸ்ப்லைன அப்படியே விட்டுட்டேன், 'வரிப்பல்'னு ஒண்ணு மனசுல இருக்கு, ஆனா பல்லுன்னா கியர் பல்லோட குழம்புமோன்னு யோசனையா இருக்கு. ஷாஃப்ட் நுனில மாட்டுற ஸ்லிப் யோக்குக்கும் இன்னும் எதுவும் அமையல. முன்னும் பின்னும் வழுக்கிப் போய் வர்றதும் அதுல வரணும், ஷாஃப்டப் புடிச்சுச் சுத்துறதும் வரணும். லேத், வொர்க்‌ஷாப் பக்கம் இருக்கறவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுதுங்க.