ஞாயித்துக்கிழமை கிட்னிக்கும் லீவா?

பாலக்கரையான்:
போன வாரம் இங்க ஒருத்தர் எழுதினது: "டயாலிசிஸ் பேஷண்டுங்க பத்தியத்தை ஒழுங்கா இருந்தா ஞாயித்துக்கிழமை எமர்ஜென்சியே வராது. ஸ்பெஷலிஸ்டை அன்னிக்காவது வீட்ல நிம்மதியா சாப்பிட விடுங்க." படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது.

எங்கப்பாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், மெஷின் வெச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்றது. வெள்ளி மத்தியானம் மெஷின்லேர்ந்து இறங்கினா அடுத்தது திங்கக்கிழமைதான். போன சனி ராத்திரியே கால் துவண்டுபோச்சு. ஞாயிறு விடிகாலைல நெஞ்சு படபடப்பு. தூக்கிட்டு ஓடினோம். ரத்தத்துல பொட்டாசியம் 7.1, இதயத்தையே நிறுத்திடுற அளவு. டூட்டி டாக்டர் சின்னப் பொண்ணு, பாவம், ஊசி போட்டுச்சு, நெபுலைசர் வெச்சுச்சு. "நெஃப்ரோ சார், கிட்னி ஸ்பெஷலிஸ்ட், நாளைக்குத்தான் வருவார், டயாலிசிஸ் யூனிட் பூட்டியிருக்கு"ன்னுச்சு. டெக்னீஷியனுக்கு போன் மேல போன், எடுக்கல. 40 கிலோமீட்டர் தள்ளி வேற ஊர்ல ராத்திரி 9 மணிக்கு மெஷின்ல ஏத்தினோம். இத்தனைக்கும் வாயைக் கட்டின மனுஷன். சனிக்கிழமை வெயிலுக்கு அரை டம்ளர் இளநீர், அவ்வளவுதான்.

வெள்ளைக்கோட்டு:
எழுதினது நான்தான், பேர் சொல்லியே கேட்டிருக்கலாம். "அரை டம்ளர் இளநீர், அவ்வளவுதான்." நீங்களே தீர்ப்பு எழுதிட்டீங்க. டயாலிசிஸ்ல இருக்கவங்களுக்கு இளநீர் ஆகாதுன்னு சொல்லாத நெஃப்ராலஜிஸ்ட் உண்டா? பொட்டாசியம் ஏறினது ஆஸ்பத்திரிலயா, உங்க வீட்லயா?

ஒன்பதாம்வருசம்:
டாக்டரே, வணக்கம். நான் 9 வருசமா வாரம் 3 நாள் 4 மணி நேரம் மெஷின்ல படுக்குறவன். கணக்குப் போடுவோமா? இளநீர்ல 100 மில்லிக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொட்டாசியம். அரை டம்ளர் 100 மில்லின்னு வைங்க. எங்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் வரைக்கும் டயட்டீஷியன் எழுதித் தர்றாங்க. 250ஐ மட்டும் வெச்சு 7.1 வராது. ஒண்ணு, அது அரை டம்ளர் இல்ல. இல்லேன்னா வில்லன் அந்த ரெண்டு நாள் இடைவெளி.

2011ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு, அமெரிக்காவுல 32,065 பேரை வெச்சுப் பார்த்தது. நீண்ட இடைவெளி முடியற நாள்ல சாவு விகிதம் 100 பேருக்கு வருஷத்துக்கு 22.1. மத்த நாள்ல 18.0. அத்தனை அமெரிக்காக்காரனும் இளநீர் சீவிக் குடிச்சானா?

கொங்குத்தென்றல்:
ஒரு சந்தேகமுங்க. அரை டம்ளர்னா எந்த டம்ளருங்க? எங்கூட்டு டம்ளர் கால் லிட்டர் புடிக்கும்.

வெள்ளைக்கோட்டு:
அதே கேள்விதான். ஒன்பதாம்வருசம் சார், அந்த ஆய்வு இடைவெளியைப் பத்திப் பேசுது. ஞாயித்துக்கிழமை நெஃப்ராலஜிஸ்ட் வந்து உக்காரணும்னு எங்க சொல்லுது? அந்தப் பொண்ணு கால்சியம் குளுக்கோனேட், இன்சுலின், டெக்ஸ்ட்ரோஸ் குடுத்திருக்கும். சரியான சிகிச்சை. டூட்டி டாக்டரும் டாக்டர்தான். 36 மணி நேரம் தூங்காம நின்னிருக்கீங்களா?

ஒன்பதாம்வருசம்:
அந்தப் பொண்ணை யாரு குறை சொன்னா? கால்சியம் இதயத்துக்குக் கொஞ்ச நேரக் காவல், ஒரு மணி நேரம் தாங்கினா பெரிசு. இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்துலேர்ந்து செல்லுக்குள்ள தள்ளும், சில மணி நேரத்துல அது திரும்பி வெளிய வரும். கூட்டின குப்பையைக் கட்டிலுக்கு அடியில தள்ளுற வேலை. குப்பையை வெளிய கொட்டுறது மெஷின். அதைப் பூட்டி வெச்சுட்டு "சரியான சிகிச்சை"ங்கறீங்க. 36 மணி நேரம் நான் நின்னதில்ல டாக்டரே, படுத்திருக்கேன்.

ஆர்ஓதண்ணி:
நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். டெக்னீஷியன் போன் எடுக்கலன்னு போற போக்குல போட்டுட்டீங்களே பாலக்கரை அண்ணே. ஆறு நாள், நாளைக்கு மூணு ஷிப்ட். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு 120 லிட்டர் சுத்திகரிச்ச தண்ணி ஓடணும். அந்த ஆர்.ஓ. டேங்கையும் பைப்பையும் மருந்து விட்டுக் கழுவ எங்களுக்குக் கிடைக்குறதே ஞாயிறு ஒண்ணுதான். சம்பளத்தைச் சொன்னா சிரிப்பீங்க. டாக்டர் போன்ல ஆர்டர் சொல்லட்டும், அரை மணி நேரத்துல வந்து நிப்போம். முதல்ல அவரை எடுக்கச் சொல்லுங்க.

பாலக்கரையான்:
தம்பி, உங்களைத் திட்டல. அன்னிக்கு இருந்த பதட்டம்.

வேர்முதல்:
இதுக்குத்தான் நான் முன்னாடியே மூக்கிரட்டைச் சாறு பத்தி எழுதினேன். யாரு கேட்டீங்க?

ஒன்பதாம்வருசம்:
வந்துட்டார்யா. மூக்கிரட்டையில பொட்டாசியம் எவ்வளவுன்னு போன வருஷம் கேட்டேன், இன்னும் பதில் வரல. கிட்னி போனவனுக்குக் கீரைச்சாறு! நாங்க பொட்டாசியம் இறங்கட்டும்னு காயையே நறுக்கி ஊற வெச்சு, வேக வெச்சு, தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டுச் சக்கையைத் திங்குறோம்.

வேர்முதல்:
இங்கிலீஷ் மருந்து தின்னு 9 வருஷமா குணமாச்சா?

ஒன்பதாம்வருசம்:
குணமாகல. உசுரோட இருக்கேன், உங்களுக்குப் பதில் சொல்லுற அளவுக்கு.

அல்லிக்குளம்:
மெஷினே வேண்டாம்னு யாருமே பேசலையே. எங்க மாமியாருக்கு சிஏபிடி. வயித்துக்குள்ள திரவம் விட்டு வடிக்குறது, வீட்லயே தினமும். மக்களைத் தேடி மருத்துவத்துல அந்தத் திரவப் பை வீட்டுக்கே வருது, தமிழ்நாடு அரசு 2021ல ஆரம்பிச்ச திட்டம். எங்களுக்கு ஞாயிறு, திங்கள் கணக்கே கிடையாது.

ஒன்பதாம்வருசம்:
நல்லதும்மா. சனிக்கிழமை ராத்திரி வயித்துக்குள்ள கிருமி தொத்தி, வடிஞ்ச தண்ணி கலங்கலா வந்து வயித்து வலியும் எடுத்தா, ஞாயித்துக்கிழமை யாருக்கு போன் போடுவீங்க?

அல்லிக்குளம்:
அபசகுனமா பேசாதீங்க சார்.

வெள்ளைக்கோட்டு:
பேச்சு எங்கெங்கயோ போகுது. நான் கேட்டது ஒண்ணுதான். டம்ளர் அளவு.

பாலக்கரையான்:
சரிங்க, எழுதிக்குங்க. சித்தப்பா தோப்புலேர்ந்து நாலு காய் கொண்டுவந்தார். அப்பா எல்லாருக்கும் சீவிக் குடுத்தார். அவர் கொஞ்சம் வாயை நனைச்சார், வழுக்கையைச் சுரண்டித் தின்னார். அதுக்காக யூனிட்டைப் பூட்டினது சரியாயிடுமா?

கொங்குத்தென்றல்:
வழுக்கையா? முதல்ல சொல்லலீங்களே!

வெள்ளைக்கோட்டு:
நாலு காய்! "வாயைக் கட்டின மனுஷன்." இதுக்கு மேல நான் என்ன எழுத?

ஒன்பதாம்வருசம்:
குதிக்காதீங்க டாக்டரே. தின்னது தப்புன்னே வைங்க. தப்பு பண்ணினவன் திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு? குடிச்சுட்டு வண்டியோட்டி விழுந்தவனுக்கு ஞாயித்துக்கிழமை எலும்பு டாக்டர் வர்றாரா இல்லையா?

வெள்ளைக்கோட்டு:
அது விபத்து. இது வழுக்கை.

ஆர்ஓதண்ணி:
சார் கடைசி வரைக்கும் போனை எடுத்தாரா இல்லையா, அதை யாரும் சொல்லலையே.

பாலக்கரையான்:
எவர்சில்வர் டம்ளர். 200 மில்லி. அதுல பாதி. அப்பா பக்கத்துலதான் இருக்கார், கேட்டுட்டுத்தான் எழுதறேன். போதுமா எல்லாருக்கும்?

ஒன்பதாம்வருசம்:
வழுக்கை எவ்வளவுன்னு அவரையே கேளுங்க.